எண்ணிச் சேர்த்த வெளிச்சம்

எக்ஸ்ரே படத்தைப் பற்றி எனக்கு எப்போதுமே ஒரு நிம்மதி உண்டு. ஒரு பக்கத்திலிருந்து கிரணம் வருகிறது, நடுவில் மனிதன் நிற்கிறான், மறுபக்கத்தில் அவன் எலும்பின் நிழல் விழுகிறது. நிழல் என்பது ஜன்மம் முதல் நமக்குப் பழகிய பொருளாகையால் அதை நம்புவதற்கென்று தனியாக ஒரு பிரயத்தனமும் வேண்டியிருப்பதில்லை. காமா கேமரா எடுக்கும் படத்தின் விஷயத்தில் அந்த நிம்மதி எனக்கு இதுவரை கிட்டவில்லை. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிறப் புள்ளிகள் திரண்டு மண்டையோடாகவும் முதுகெலும்பாகவும் விலாவாகவும் இடுப்பாகவும் உருக்கொண்டு நிற்கும் அந்த மனிதன்மேல் வெளியிலிருந்து எந்த வெளிச்சமும் விழவில்லை. ஒளிவிட்டது அவனுடைய தேகமேதான், யந்திரம் செய்ததெல்லாம் அதன் அருகே அசையாமல் காத்திருந்தது மட்டுமே. அப்படியானால் பார்ப்பது என்ற காரியம் இதில் எந்த இடத்தில் நடந்தது, யார் பார்த்தார்கள், பார்த்ததாகச் சொல்லப்படுவதில் எவ்வளவு உண்மையில் பார்த்தது, எவ்வளவு ஊகித்தது என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, பதில் தேடிப் படிக்கப் படிக்க அடங்காமல் வேறு வேறு ரூபம் எடுத்துக்கொண்டே வந்திருக்கின்றன.

எலும்பு ஸ்கேனையே எடுத்துக்கொள்கிறேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் இந்த யந்திரத்தின் முன் படுத்தவர்களில் நான் அறிந்தவர்கள் அநேகமாக அதற்காகவே போனவர்கள். கையில் ஒரு நரம்பு பார்த்து டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை, பாஸ்பரஸ் சேர்ந்த ஓர் உப்போடு பிணைத்துச் செலுத்துகிறார்கள். அந்த உப்பு ரத்தத்தில் கலந்து, எங்கெங்கே புது எலும்பு கட்டப்படுகிறதோ அங்கங்கே மிகுதியாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாதது சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. ஆகையால்தான் ஊசி போட்டு மூன்று மணி நேரம் போல உட்காரவைத்து, தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பாஸ்பரஸுக்கும் எலும்புக்கும் உள்ள இந்த உறவைப் படித்தபோது எங்கள் சீமையின் பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டிச் சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸின் புகையைச் சுவாசித்த பெண்களுக்குத் தாடையெலும்பு அழுகி விழுந்தது. 1913இல் இந்தியாவிலும் சட்டம் செய்து அந்த விஷத்தைத் தீக்குச்சியிலிருந்து விலக்கினார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியது அதற்குப் பத்து வருஷம் கழித்து. எங்கள் ஊர்ப் பெண்கள் தாடையோடு தப்பித்தது அந்தக் காலக்கணக்கினால்தான் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எலும்பைத் தின்ற மூலகத்தின் வேறொரு சேர்க்கைதான் இன்று எலும்பைக் காட்டித் தருகிறது. வயது வந்த ஒருவருக்கு வழக்கமாகச் செலுத்தும் 20 மில்லிகியூரி மருந்தில், செலுத்துகிற கணத்தில், வினாடிக்கு 74 கோடி அணுக்கள் சிதைகின்றன; ஏறக்குறைய ஒவ்வொரு சிதைவிலும் ஒரு காமா கிரணம் பிறந்து, தசையையும் தோலையும் கடந்து, திசை என்ற ஒரு விதியும் இல்லாமல் எல்லாப் பக்கமும் புறப்பட்டுப் போகிறது. பெஞ்சியில் உட்கார்ந்து செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் அந்த மனிதருக்கு இதில் எதுவும் தெரிவதில்லை. சுடுவதில்லை, கூசுவதில்லை, மணப்பதுமில்லை.

சிவகாசியில் வெளிச்சம் என்பது சேமித்துவைக்கும் சரக்கு. கம்பி மத்தாப்பும் பூச்சட்டியும் தரைச்சக்கரமும் பெட்டி பெட்டியாகக் குடோன்களில் அடுக்கப்பட்டு, மாதக்கணக்கில் ஐப்பசியை நோக்கிக் காத்துக்கிடக்கும். அதன் தர்மமே காத்திருப்பதுதான், கொளுத்துகிற வரையில் அதற்கு வயதில்லை. டெக்னீசியத்தின் வெளிச்சமோ கொளுத்துவதற்கு யாரையும் எதிர்பாராமல் தானே எரிந்து தீருகிறது: ஆறு மணி நேரத்தில் பாதி, இன்னோர் ஆறு மணி நேரத்தில் அந்தப் பாதியில் பாதி, மறுநாள் அதே வேளைக்குப் பதினாறில் ஒரு பங்கு. இந்த மூலகம் பூமியில் வெட்டியெடுக்கக் கிடைப்பதன்று. பெர்க்லி நகரத்து சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கியில் அடிபட்ட ஒரு மாலிப்டினத் தகட்டை வரவழைத்து ஆராய்ந்த கார்லோ பெரியரும் எமிலியோ செக்ரேயும் 1937இல் இத்தாலியிலுள்ள பலெர்மோவில் அதை இனம் கண்டார்கள். இன்று அணு உலையில் உண்டாகும் மாலிப்டினம்-99 ஓர் ஈயக் குடுவைக்குள் அடைபட்டு விமானத்திலும் வேனிலும் பிரயாணம் செய்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறது. 66 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே அது தன்னிலிருந்து டெக்னீசியத்தை ஈன்றுகொண்டிருக்க, ஒவ்வொரு நாள் காலையிலும் உப்புநீரை உள்ளே செலுத்தி, அன்றன்றைக்குச் சேர்ந்திருப்பதைக் கறந்தெடுக்கிறார்கள். கறத்தல் என்றுதான் துறையில் உள்ளவர்களும் சொல்கிறார்கள். 2009இல் கனடாவின் சாக் ரிவர் உலையும், மறு வருஷத் தொடக்கத்தில் ஹாலந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காக நின்றுபோனபோது பல தேசங்களில் ஸ்கேன்களைத் தள்ளிப்போட நேர்ந்தது. எங்கோ ஒரு சமுத்திரத்துக்கு அப்பால் ஓர் உலை நின்றால் இங்கே ஒருவருடைய முதுகெலும்பு இருளில் ஆழ்ந்துவிடும் என்ற அந்த நிலையை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

என் சங்கடத்தின் மூலஸ்தானம் அந்த வெளிச்சம் யந்திரத்தை வந்தடையும் இடத்தில் இருக்கிறது. காமா கிரணத்தை வளைத்துக் குவிக்கக் கண்ணாடி வில்லை கிடையாது. அது எதையும் சட்டை செய்யாமல் நேரே போவது. ஆகையால் ஸ்படிகத்தின் முன்னால் ஓர் ஈயத் தட்டை வைக்கிறார்கள். அதில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படாத அகலத்தில் பல்லாயிரம் துளைகள், துளைக்கும் துளைக்கும் நடுவே காகிதம் போன்ற ஈயச் சுவர்கள். துளைக்கு நேராக வரும் கிரணத்துக்கு மட்டுமே அதில் வழி உண்டு. சற்றுச் சாய்ந்து வந்ததெல்லாம் சுவரில் மோதி அங்கேயே ஒடுங்கும். உடம்பிலிருந்து புறப்பட்ட கிரணங்களில் பதினாயிரத்துக்கு ஒன்றுதான் இந்த வாசலைத் தாண்டுகிறது. மற்ற 9,999 கிரணங்களும் அதே எலும்பிலிருந்து, அதே மருந்திலிருந்து, அதே நோயிலிருந்து வந்தவையே. பொய் சொன்னது என்று அவற்றில் ஒன்றின்மேலும் குற்றம் சாட்ட முடியாது, எந்த இடத்திலிருந்து வந்தன என்று நிச்சயிக்க முடியவில்லை என்பதே அவற்றை விலக்குவதற்குக் காரணம். தட்டை எடுத்துவிட்டால் அத்தனை கிரணமும் உள்ளே வரும், ஆனால் படம் இராது. எங்கும் ஒரே சாம்பல் பூத்துக் கிடக்கும். சாட்சியம் சொல்ல வந்தவர்களில் அநேகமாக அனைவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு எஞ்சியவர்களைக் கொண்டு தீர்மானிக்கும் ஒரு முறையை நான் வேறு எங்கே கண்டாலும் அநியாயம் என்றே சொல்லியிருப்பேன். இங்கே அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. விலக்கினால்தான் உருவம் என்ற இந்த நிர்ப்பந்தத்தை ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

தப்பி வந்த அந்த ஒற்றைக் கிரணம் ஈயத்துக்குப் பின்னாலிருக்கும் ஸ்படிகத்தில் விழுந்து உயிர்விடுகிறது. அகலத்தில் ஒரு சிறிய மேஜை அளவும் கனத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவும் இருக்கும் அந்தப் பலகை சோடியம் அயோடைடு என்னும் உப்பு. அதில் தாலியம் என்ற உலோகம் சிறிதளவு கலந்திருக்கிறது. மத்தாப்பில் ஸ்ட்ரான்சியம் சிவப்பையும் சோடியம் மஞ்சளையும் தரும். 2018இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த பேரியம் பச்சையைத் தந்தது. தாலியத்துக்கும் ஒரு பச்சை உண்டு, 1861இல் விஞ்ஞானி க்ரூக்ஸ் அதை இனம் கண்டதே நிறமாலையில் தெரிந்த அந்தப் பச்சைக் கோட்டைக் கொண்டுதான். சோடியத்தின் மஞ்சளும் தாலியத்தின் பச்சையும் ஸ்படிகத்தில் கிடையாது. கிரணம் விழுந்த புள்ளியில் ஊதாவும் நீலமும் சேர்ந்த ஒரு மின்னல், வினாடியில் பத்துலட்சத்தில் ஒரு பங்குகூட நீடிக்காதது, மூடிய பெட்டிக்குள் எந்தக் கண்ணிலும் படாமல் தோன்றி மறைகிறது. ஈரம் பட்டால் இந்த உப்பு கரைந்து மஞ்சளித்துப் பாழாய்ப் போகுமாகையால் அலுமினியத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றுப் புகாமல் அடைத்துவைத்திருக்கிறார்கள். அறையின் வெப்பம் சட்டென்று மாறினால் விரிசல் விட்டுவிடும் என்று இரவும் பகலும் குளிர்சாதனத்தை ஓடவிடுகிறார்கள். மழை குறைந்த கரிசல் வெயிலை நம்பியே குச்சியும் காகிதமும் மருந்தும் உலர்த்திப் பிழைத்துவரும் ஊர்க்காரனுக்கு, ஓர் உப்பை ஈரத்திலிருந்து காப்பாற்றுவதற்கு இத்தனை சிரத்தை எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஸ்படிகத்தின் முதுகில் ஐம்பது அறுபது குழாய்கள் நெருக்கமாக நிற்கின்றன. போட்டோமல்டிப்ளையர் என்று பெயர். நீல மின்னலின் துளியை மின்சாரமாக்கிப் பத்துலட்சம் மடங்கு போலப் பெருக்குவது அவற்றின் தொழில். மின்னல் எந்தக் குழாய்க்குக் கிட்டத்தில் நிகழ்ந்ததோ அதற்கு மிகுதியாகவும் தூரத்துக் குழாய்களுக்குக் குறைவாகவும் ஒளி பங்கிட்டுக் கிடைக்கிறது. யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை நிறுத்துக் கூட்டி, நடு எதுவோ அதுவே கிரணம் விழுந்த இடம் என்று முடிவுசெய்கிறார்கள். பெர்க்லியில் 1950களின் பிற்பகுதியில் ஹால் ஆங்கர் கண்ட யுக்தி இது. அவருடைய முதல் கருவியில் ஏழே குழாய்கள்தாம் இருந்தன. இந்த யுக்தியின் முன் நான் மனப்பூர்வமாகத் தலை வணங்குகிறேன். ஒவ்வொரு குழாயும் ஒரு தம்ளர் வாய் அகலம் இருக்க, அவை எல்லாம் சேர்ந்து சொல்லும் இடமோ மூன்று நான்கு மில்லிமீட்டருக்குள் சரியாக அமைகிறது; தனித்தனியே மங்கலாக அறிந்தவை சேர்ந்து எந்த ஒன்றும் அறியாத நுட்பத்தை அறிந்துவிடுகின்றன. இதோடு இன்னொரு சோதனையும் உண்டு. உடம்புக்குள்ளேயே எதிலாவது மோதித் திசைமாறி வந்த கிரணம் தன் சக்தியில் கொஞ்சம் இழந்திருக்கும். ஆகவே டெக்னீசியக் கிரணத்தின் சக்தியான 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குப் பத்து சதவிகிதம் இப்படி அப்படி இருப்பதை மட்டும் ஏற்று, மற்றதைத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளியும் சில பொய்த் திசைகள் உள்ளே நுழைந்துவிடத்தான் செய்கின்றன. நம்முடைய தர்க்க சாஸ்திரக்காரர்கள் அறிவுக்கு வழிகளாகப் பிரத்தியட்சத்தையும் அனுமானத்தையும் பிரித்து, மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று தெளிவதை அனுமானத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். கரும்புகை எழுந்தவுடன் எந்தப் பட்டாசு ஆபீஸ், யாருடைய பிள்ளைகள் என்று தெருவெல்லாம் ஓடுகிற சீமையில் அந்த உதாரணம் ஏட்டில் அடங்குவதில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலைத் தீயின் புகையைக் கண்டவர்களுக்கு அனுமானத்தின் வேகம் எப்படிப்பட்டது என்று தெரியும். காமா கேமராவின் படமும் அனுமானமேதான், அடுக்கடுக்கான அனுமானம்: இன்ன சக்தி, ஆகவே மோதாமல் வந்தது, இன்ன குழாய்களில் இன்ன பங்கு, ஆகவே இந்தப் புள்ளி, இந்தத் துளை, ஆகவே இந்த எலும்பு. பிரத்தியட்சம் என்று சொல்லத்தக்கது அந்த நீல மின்னல் ஒன்றுதான். அதையோ ஒருவரும் பார்த்ததில்லை.

என் பெரியம்மாவை அப்படி ஒரு யந்திரத்தின் முன் படுக்கவைத்திருந்தபோது அறைக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறு வயதிலிருந்தே தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்கியவர்; பிறகு வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டினார்; மார்பில் கட்டி எடுத்த பின் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அனுப்பியிருந்தார்கள். உலோகம் எதுவும் மேலே இருக்கக் கூடாது, அது கிரணத்தை மறைத்துப் படத்தில் பொய்யாக ஒரு வெற்றிடத்தைக் காட்டும் என்று யந்திரத்தை இயக்கிய பெண் சொன்னபோது பெரியம்மா மறுபேச்சில்லாமல் தோட்டைக் கழற்றினார், தாலியிடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இது புதிதில்லை போலும். மேஜை இழுப்பிலிருந்து மஞ்சள் கிழங்கு முடிந்த ஒரு கயிற்றை எடுத்து நீட்டினாள், அதைக் கட்டிக்கொண்ட பிறகு இதைக் கழற்றிக் கொடுத்தார். பலகை மிக மெதுவாக நகர்ந்தது. தட்டையான இரண்டு பெரிய முகங்கள் மேலும் கீழும் ஏறக்குறைய உடம்பைத் தொட்டுவிடுகிற கிட்டத்தில் நின்றன, ஏனென்றால் விலக விலக உருவம் மங்கிவிடும். சத்தமில்லை, வெளிச்சமில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "ஏய்யா, லைட்டே அடிக்கலையே, என்னத்தப் படம் எடுத்தாக?" என்று கேட்டார். "லைட்டு ஒங்க ஒடம்புலருந்துதான் வந்துச்சு பெரியம்மா" என்றேன். அவர் தம் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப புள்ளைகள இன்னைக்குத் தூக்கக் கூடாதுல்லா" என்றார். கைக்குழந்தைகளிடமும் பிள்ளைத்தாய்ச்சிகளிடமும் அன்றைக்கு மட்டும் எட்ட இருக்கச் சொல்லியிருந்ததை எனக்கு முன்பாகவே அவர் பொருத்திப் பார்த்துவிட்டார். வெடிமருந்தை எவ்வளவு கிட்டத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு அளவு என்று ஆயுள் முழுவதும் கணக்கிட்டே பழகிய ஜனங்களுக்குக் கதிரியக்கத்தின் பாதுகாப்பு விதி புது வேதாந்தமாக இருப்பதில்லை.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஆப்செட் அச்சகங்களில், தாள் வெளியே வந்தவுடன் ஒரு சிறிய லென்ஸை வைத்துப் பார்ப்பார்கள். முருகனுடைய கன்னம் அதில் கன்னமாக இராது; நீலமும் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளிகளின் வரிசை, வரிசை தவறாமல், ஒன்றுக்கொன்று அளந்து வைத்த தூரத்தில். பெரியம்மாவின் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது எனக்கு அந்த லென்ஸ்தான் நினைவுக்கு வந்தது. இதுவும் புள்ளிகளே, ஆனால் இங்கே வரிசை இல்லை, அளந்த தூரமும் இல்லை. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாதாகையால் ஒவ்வொரு புள்ளியும் தற்செயலாக வந்து விழுந்தது. லட்சக்கணக்கில் விழுந்த பிறகே தற்செயல் தணிந்து உருவம் தலைகாட்டுகிறது. உடம்பு முழுவதற்குமான ஒரு படத்துக்குப் பதினைந்து லட்சம் எண்ணிக்கையாவது சேர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் நூறு புள்ளி விழுந்திருந்தால், அது தொண்ணூறாகவோ நூற்றுப்பத்தாகவோ இருந்திருக்கலாம் என்ற ஐயம் அந்த நூறோடு கூடவே பிறந்தது. பத்து சதவிகித ஐயம். அதையே ஒரு சதவிகிதமாகக் குறைக்க நூறு மடங்கு, பதினாயிரம் புள்ளி வேண்டும். அவ்வளவு நேரம் கிழவியைப் பலகையில் படுக்கவைக்கவும் கூடாது, அவ்வளவு மருந்தை உடம்பில் ஏற்றவும் கூடாது. ஆகவே எந்த இடத்தில் ஐயத்தைப் பொறுத்துக்கொள்வது என்று ஒருவர் தீர்மானித்து நிறுத்திய இடந்தான் அந்தப் படம். இது கண்ணால் கண்டது என்பதைவிட எண்ணிச் சேர்த்தது என்பதே பொருந்தும். எண்ணிக்கையில் உள்ள ஐயத்தை அது மூடி மறைப்பதில்லை, மணல் மணலாக முகத்திலேயே காட்டிக்கொண்டிருக்கிறது. கணினியில் அதை மெழுகி வழவழப்பாக்கித் தரும் வசதி உண்டு. மெழுகிய படத்தை நான் விரும்புவதில்லை.

அந்தப் படத்தில் இரண்டு முழங்கால்களும் இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியும் வலது கட்டைவிரலின் அடி மூட்டும் கறுத்திருந்தன. ஆறாம் விலாவில் ஒரு சிறு கறுப்பு. முழங்காலையும் இடுப்பையும் தேய்மானம் என்று டாக்டர் தயங்காமல் சொன்னார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து குச்சி அடுக்கிய வருஷங்கள் எலும்பில் எழுதியிருந்ததை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். விலாவைப் பற்றி மட்டும் அவர் தயங்கினார், எங்காவது விழுந்தீர்களா என்று கேட்டார், பெரியம்மாவுக்கு நினைவில்லை. இந்த யந்திரத்தின் மேன்மையும் எல்லையும் இந்த ஓர் இடத்தில்தான் சந்திக்கின்றன. எக்ஸ்ரேயில் தெரியும்படி எலும்பு கெடுவதற்கு வெகுநாள் முன்பாகவே இது காட்டிவிடும். எதைக் காட்டுகிறது என்றால், இங்கே எலும்பு வழக்கத்துக்கு மேல் வேலை செய்கிறது என்பதை மட்டும். முறிந்து கூடுகிற எலும்பும் அப்படி வேலை செய்யும், கிருமி புகுந்ததும் செய்யும், புற்று பரவியதும் செய்யும். மூன்றும் ஒரே கறுப்பு. உடுப்பில் சிந்திய ஒரு சொட்டுச் சிறுநீர்கூடக் கறுப்பாகவே விழும். எலும்பும் ஏமாறுவதுண்டு: கல்பாக்கத்து வேக ஈனுலையில் ஸ்ட்ரான்சியம்-89 உண்டாக்கியிருக்கிறார்கள். சிவப்பு மத்தாப்பின் அந்த மூலகத்தைக் கால்சியம் என்று எண்ணி எலும்பு தன்னுள் வாங்கிக்கொள்வதால், பரவிய புற்றின் வலியை அது உள்ளிருந்தே தணிக்கிறது. எலும்புக்கும் அனுமானத்தில் பிழை வரும் என்பதையும், அந்தப் பிழையைக்கூட வைத்தியம் தன் காரியத்துக்கு உபயோகிக்கிறது என்பதையும் அறிந்தபோது என் சங்கடம் சற்றே இளகியது. ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அந்தச் சிறு கறுப்பையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலேயே அழத் தொடங்கிய என் சித்திகளை எண்ணும்போது மறுபடியும் கனத்துவிடுகிறது. சில மாதம் கழித்து எடுத்த படத்தில் விலாக் கறுப்பு மங்கியிருந்தது. அதற்குள் அந்த வீட்டில் எத்தனை இரவுகள் தூக்கமின்றிக் கழிந்தன என்பதற்கு எந்தக் கருவியிலும் எண்ணிக்கை விழவில்லை. படத்தைக் கொடுக்கிறவர்கள் ஐயத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்: இது இன்னதாகவும் இருக்கலாம், இன்னதாகவும் இருக்கலாம், இன்ன சோதனை செய்து பார்ப்போம் என்று நோயாளியின் பாஷையில் உட்கார்ந்து சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது, அல்லது அவர்கள் வீட்டில் யாருக்காவது, இப்படி ஒரு ஸ்கேனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தால், குறித்த நாளில் குறித்த நேரத்துக்கு முன்பாகவே போய்ச் சேருங்கள். விருதுநகரிலிருந்து மதுரைக்கு ஒரு மணி நேரந்தானே என்று கடைசி பஸ்ஸை நம்பவேண்டாம். உங்கள் பெயருக்கென்று காலையில் கறந்து அளந்துவைத்த மருந்து உங்களுக்காக நிற்காது, நிமிஷத்துக்கு நிமிஷம் தேய்ந்துகொண்டிருக்கும். கர்ப்பமாக இருந்தாலும் பால் கொடுப்பவராக இருந்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முன்பு எங்காவது விழுந்ததும் அடிபட்டதும் அற்ப விஷயமென்று எண்ணாமல் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். முடிவைக் கையில் வாங்கும்போது அந்தக் கறுப்பு வேறு எதுவாக இருக்கக்கூடும் என்று டாக்டரிடம் கேட்காமல் திரும்பாதீர்கள்.